சுகுணாவைக் கூட்டிவரப் போன மலைக் கோயில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது நாலாங் கிளாஸ். எழுத்து கோணலாக வரும். ஒரு வரியில் சொன்னதை மறந்துவிட்டு அடுத்த வரியில் மறுபடி சொல்வேன். சிலோன் போய் வந்தவள் நம் தெருவில் நீங்கள் ஒருத்திதானே, மகளிர் சங்கத்து மலருக்கு அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் போனது என் மகள் சுகுணாவுக்காக. ஒரே மகள். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. இருபது வருஷமாக மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வீடு திரும்புகிறவள். கூட வேலை செய்யும் பெண்களோடு, சிலோனில் ஒரு புத்தர் கோயிலுக்கு யோகாவும் தியானமும் பழகப் பத்து நாள் லீவில் போனாள். பத்து நாள் முடிந்தது. கூடப் போனவர்கள் வந்துவிட்டார்கள். இவள் மட்டும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"மா, நீ ஒரு வாரம் இங்க வந்து தங்கு. டிக்கெட் அனுப்பறேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இன்னா கேக்கணும்? இப்பவே கேளு."

"போன்ல கேக்கக் கூடாதுமா. நேர்லதான் கேக்கணும்னு இங்க ரூல் கீது."

கோயிலில் என்ன ரூல்? எதிர்வீட்டுக் கன்னடக்கார ஜெயம்மாவிடம் சொன்னேன். "அங்க போறவங்க மொட்டை அடிச்சிக்கினு அங்கயே இருந்துடுவாங்களாம் அக்கா. ஹோகி, கர்க்கொண்டு பன்னி" என்றாள். போய்க் கூட்டிக்கொண்டு வா என்கிறாள். நானும் அதற்குத்தான் கிளம்பினேன். யோகாவுக்கு இல்லை.

விமானம் ஏறினபோது காது அடைத்தது. தங்கச் சுரங்கத்தில் கேஜில், அதாவது ஆளை இறக்கும் கூண்டில், இறங்கும்போது காது அடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மேலே போனாலும் அடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து சீட்டு முஸ்லிம் அம்மா பெல்ட்டைப் போட்டுவிட்டார். இறங்கும்போது அதைக் கழற்றத் தெரியாமல், கேட்க வெட்கப்பட்டு, எல்லாரும் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் விமானத்துப் பெண் வந்து ஒரு தட்டுத் தட்டிக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

அங்கிருந்து காரும் ரயிலும். ரயில் பங்காருப்பேட்டை வண்டி மாதிரியே கூட்டம், ஆனால் ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பச்சை. நம் ஊரில் ஜன்னலுக்கு வெளியே, தங்கம் எடுத்தபின் கொட்டின சயனைடு மண் மேடு. பச்சையைப் பார்த்து மனசு ஆறவில்லை. இவ்வளவு நல்ல இடத்தை விட்டு அவள் எப்படி வருவாள் என்றுதான் பயம் வந்தது.

ஸ்டேஷனில் இறங்கித் தாளை எடுத்தேன். போனில் சுகுணா சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொண்ட தாள். 'கந்த உட பன்சல' என்று இருந்தது. ஒரு ஆட்டோக்காரர், அங்கே த்ரீவீல் என்கிறார்கள், தமிழர். தாளைப் பார்த்தார், என் நெற்றி விபூதியைப் பார்த்தார். "கந்தன் கோயில் தானே? ஏறுங்க அம்மா" என்றார். ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போய் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் கோபுரம், மயில் கொடி, தேங்காய்க் கடை. சாட்சாத் முருகன் கோயில்!

"கும்பிட்டுட்டு வாங்க, நிக்கிறேன்" என்றார். இது இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்டி வந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? உள்ளே போய்க் கும்பிட்டேன். முருகா, நான் தேடி வராமல் நீயே கூப்பிட்டாய், என் பெண்ணை என்கூட அனுப்பிவிடு என்று கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து பூக்காரியிடம்தான் தாளைக் காட்ட தைரியம் வந்தது. அவள் படித்துவிட்டுப் பூக்கூடை குலுங்கச் சிரித்தாள்.

"கந்தன்னா சாமி இல்லங்க. சிங்களத்துல கந்தன்னா மலை. மலை மேல இருக்கிற பன்சலைக்குப் போகணும் இவங்க. புத்தர் கோயிலுக்கு!"

ஆட்டோக்காரர் தலையில் கை வைத்தார். "அடக் கடவுளே! விபூதியைப் பார்த்ததும் மிச்சத்தை நான் படிக்கவே இல்லை அம்மா. நீங்களாவது சொல்லியிருக்கலாம் தானே?"

வந்த வழியெல்லாம் திரும்பினோம். அவர் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அங்கே காத்திருப்பாளே என்றுதான் நினைப்பு.

அவள் காத்திருக்கவில்லை. மலையடிவாரத்துக் கேட்டிலிருந்து தொண்ணூறு படி ஏறி மேலே போனால், எல்லாரும் வெள்ளை உடுத்திச் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். சமையற்கட்டிலிருந்து ஒரு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெயர் லெச்சுமி. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும்.

"சுகுணாவோட அம்மா தானே? அவங்க பேசா நோன்புல இருக்காங்க. ஏழு நாளைக்கு யாரும் யார்கூடவும் பேசக் கூடாது. நீங்களும் தான்."

"பெத்த பொண்ணுகிட்ட கூடவா?"

"கண்ணால பார்க்கலாம். அதுக்குத் தடை இல்ல."

கூடத்தில் அவளைப் பார்த்தேன். வெள்ளைத் துணி, இளைத்த முகம், முதுகில் அதே நீளப் பின்னல். என்னைப் பார்த்ததும் கண் நிறைந்தது. கையைக் கூப்பினாள், சிரித்தாள், போய்விட்டாள். ரயிலில் எதிர் சீட்டுக்காரிக்குக் கும்பிடு போடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே மதியத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. நான் ராத்திரி சாப்பிட்டபின் போடும் பிரஷர் மாத்திரை இருக்கிறதே, அதை வெறும் வயிற்றில் போட்டால் என்ன ஆகுமோ என்று கவலை. லெச்சுமியிடம் மாத்திரையைக் காட்டினேன். ஒரு டம்ளர் சாயத் தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள். அந்த ஊரில் பாலில்லாத டீயைக் கையில் ஊற்றிவிட்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள் என்று எழுத வந்தேன், தப்பு, கையில் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு டீயைக் குடிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் பச்சை நிறத்தில் இலைக் கஞ்சி. மருந்து மாதிரி இருந்தது, குடித்தபின் நன்றாகத்தான் இருந்தது. பதினோரு மணிக்குச் சிவப்பு அரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். எல்லாவற்றிலும் தேங்காய். ஒரு உருண்டை ராகிக் களி கிடைத்தால் போதும் என்று இருந்தது.

யோகா சொல்லிக் கொடுத்தது ஒரு சின்ன வயசுப் பெண். நான் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் இடது கையைத் தூக்கினால் நானும் தூக்குவேன். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கும் தெரியாது, அவர் என்னைப் பார்த்துச் செய்கிறார். கடைசியில் எல்லாரையும் பிணம் மாதிரி மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். சாயங்கால வேளையில் யாராவது பிணம் மாதிரி படுப்பார்களா? நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். சுகுணா முன் வரிசையில் அசையாமல் படுத்திருந்தாள். அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் தியானம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று லெச்சுமி என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கு அது சுலபமாக இருக்கலாம். என் வீட்டுக்காரர் மைசூர் மைன்ஸில் முப்பது வருஷம் பாறைத் தூசியை இழுத்தவர். கடைசி இரண்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதுதான் என் வேலை. உள்ளே போனால் வெளியே வருமா, வந்தால் மறுபடி போகுமா என்று எண்ணிக்கொண்டு இருப்பேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் நின்றது. இப்போது கண்ணை மூடினால் என் மூச்சு எனக்குக் கேட்கவில்லை, அவருடைய மூச்சுதான் கேட்டது. எழுந்து வெளியே ஓடி வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கோயிலின் தலைமைப் பெண் துறவி பின்னாலேயே வந்தார். மொட்டைத் தலை, மஞ்சள் துணி, என் வயதுதான். அங்கே பெண் துறவிகளை மேணியோ என்று கூப்பிடுகிறார்கள். தாய் என்று அர்த்தமாம். என் முகத்தைப் பார்த்தார். மூலையில் இருந்த விளக்குமாறை எடுத்து என் கையில் கொடுத்து, லெச்சுமியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"மூச்சு பயமா இருந்தா அதை விட்டுடுங்களாம். இலையைக் கூட்டுங்களாம். அதுவும் இதுதானாம்."

அன்றிலிருந்து அரசமரத்தடி முழுக்க நான்தான் கூட்டினேன். அந்த வேலையில் எனக்குத் தப்பு வராது.

நாலாம் நாள் சமையற்கட்டில் பலாக்காய் உரிக்க உட்கார்ந்தேன். அங்கே மட்டும் மெதுவாகப் பேசலாம். எங்கள் முன்னோர்களை வெள்ளைக்காரன் வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் வெட்டக் கொண்டுபோனான், வரிசையாக லைன் வீடு கட்டிக் கொடுத்தான் என்றேன்.

"எங்களைத் தேயிலைக்குக் கொண்டாந்தான். எங்க வீட்டை லயம்னு சொல்லுவோம். ஆனா உங்களது தங்கம் தானே? அப்ப பணக்காரங்க!"

"குந்துமணித் தங்கம் கூட கண்ணால பாத்ததில்லமா. மண்ணைத்தான் பாத்தோம்."

"நாங்களும் நல்ல தேயிலையைக் குடிச்சதில்ல. தூள்தான்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொன்னாள். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. மேணியோவா ஆகணும்னா தாய் தகப்பன் சம்மதம் வேணும். சபையில கேட்பாங்க. பிள்ளைக்கு எத்தனை வயசானாலும் இதுதான் சட்டம். சுகுணாவுக்கு அப்பா இல்லதானே? நீங்க மட்டும்தான். நீங்க வேணாம்னா இங்க யாரும் அவங்க முடியில கத்தி வைக்க மாட்டாங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பயந்தது சரிதான். ஆனால் இன்னொன்றும் புரிந்தது. முடிவு என் கையில். என் கல்யாணத்துக்கு என்னைக் கேட்கவில்லை. மைன்ஸை மூடியபோது எங்களில் யாரையும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஒரு சொல்லுக்காகச் சபை காத்திருக்கப் போகிறது. மாட்டேன் என்று சொன்னால் போதும், அவள் என்கூட ரயில் ஏற வேண்டியதுதான். அன்று முழுக்க இலை கூட்டிக்கொண்டே மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிப் பழகினேன். சபையில் நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே.

ஐந்தாம் நாள் நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

கோயில் மணி விடிகாலையிலும் பதினோரு மணிக்கும் சாயங்காலமும் கணக்காக அடிக்கும். அன்று பத்து மணிக்கே அடித்தது. நிற்காமல் அடித்தது. விளக்குமாறு எங்கே விழுந்தது என்று தெரியாது. செருப்பில்லாமல் தொண்ணூறு படியும் இறங்கிக் கேட்டை நோக்கி ஓடினேன். முட்டி வலி எங்கே போனதோ.

ஏன் ஓடினேன் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மைன்ஸில் ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதும். நேரம் தப்பி ஊதினால், நிற்காமல் ஊதினால், கீழே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பெண்களும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க வாய் இருக்கிற ஷாப்ட் கேட்டுக்கு ஓடுவோம். யாருடைய ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

நான் கேட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் சோப்பு நுரை. பின்னல் அவிழ்ந்து கிடக்கிறது. திரும்பினாள். சுகுணா.

"மா, யாரு? யாரு உள்ள கீறாங்க?" என்றாள்.

ஐந்து நாளாகப் பேசா நோன்பில் இருந்தவளின் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நானும் கம்பியைப் பிடிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே மேளம் கேட்டது. பக்கத்து ஊர் ஜனங்கள் வெள்ளை உடுத்தி, தலையில் சோற்றுப் பானைகளோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அன்னதானமாம். அவர்களை வரவேற்கத்தான் அந்த மணி. முன்னால் வந்த பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்து, நாங்கள்தான் ஓடி வந்து வரவேற்கிறோம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

நாங்களும் கும்பிட்டோம். அவர்கள் போனதும் சுகுணா படியில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"மைன்ஸை மூடி எத்தினி வருஷம் ஆச்சி. நைனா போயே எட்டு வருஷம். நாம இன்னும் ஓடிக்கினே கீறோம் பாருமா."

"பழகிப்போச்சிடி. காலு தானா ஓடுது."

"உனக்கு இங்க மட்டும்தான் ஓடுது. எனக்கு தினமும். ரயிலு வழியில நின்னா, ஆபீஸ்ல போன் அடிச்சா, வீட்ல உனக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு நெஞ்சு அடிச்சிக்கும். இருபது வருஷமா ஒரு நாள் நல்லா தூங்கலமா. இங்க வந்த இத்தினி நாளா, மணி அடிச்சா மணி அடிக்குதுன்னு மட்டும்தான் தோணிச்சி. சரியாப் போச்சின்னு நெனச்சேன்."

"இன்னிக்கி ஏன் ஓடியாந்தே அப்ப?"

"இன்னிக்கி நீ உள்ள கீறியே."

அவள் கை நுரையை என் முந்தானையால் துடைத்தேன். "கேக்கணும்னு சொன்னியே, அது இன்னான்னு எனக்குத் தெரியும். லெச்சுமி சொல்லிட்டா" என்றேன். தலை குனிந்துகொண்டாள். "பதில் சபையில சொல்லுமா. இங்க வேணாம்" என்றாள். மேலேயிருந்து லெச்சுமி கையை ஆட்டினாள். "ரெண்டு பேரும் பேசிட்டீங்க தானே! எல்லாம் பார்த்துட்டேன், ஏறி வாங்க!"

ஆறாம் நாள் காலை முழுக்க யோசித்தேன். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த பிறகு மாப்பிள்ளை பார்ப்பதையே நாங்கள் விட்டுவிட்டோம். அவள் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இதையெல்லாம் மலரில் போட வேண்டுமா என்று தெரியவில்லை. போடுங்கள்.

மதியம் சாப்பிட்டபின் அவள் கூடத்துப் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சமையற்கட்டில் பெரிய அண்டா மூடி கீழே விழுந்து, கோயிலே அதிரும்படி உருண்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சுகுணா அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் பூனை குதித்தால் எழுந்து உட்காருகிறவள். நான் பக்கத்தில் போய் வெகு நேரம் பார்த்தேன். மூச்சு ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் காலை சபை. மேணியோ நடுவில், மற்றத் துறவிகள் இரண்டு பக்கமும். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்ல லெச்சுமி நின்றாள். சுகுணா என் காலில் விழுந்துவிட்டு எழுந்து, முட்டி போட்டு உட்கார்ந்தாள். மேணியோ என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க மகளைத் துறவுல சேர்க்க, தாய் நீங்க சம்மதிக்கிறீங்களான்னு கேட்கிறாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் பழகியிருந்தேன். சுகுணா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கட்டும்" என்றேன்.

லெச்சுமி விழித்தாள். "அம்மா, சம்மதமா இல்லையான்னு தானே கேட்டாங்க?"

"சம்மதம். நல்லா தூங்கட்டும்னு சொல்லு."

லெச்சுமி சொன்னாள். மேணியோ கண்ணை மூடித் திறந்தார். பிறகு சுகுணாவைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'தாவகாலிக' என்று ஒரு சொல் இரண்டு தடவை வந்தது. லெச்சுமி அழுதுகொண்டே இருந்ததால் முழுதும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டதற்கு, "அது பெரிய சொல்லு, பன்சலைச் சொல்லு. எனக்கும் சரியாத் தெரியாது அம்மா" என்றாள். என் காதுக்கு ஒரு தடவை தற்காலிகம் மாதிரியும், ஒரு தடவை தவக்காலம் மாதிரியும் கேட்டது. தவம் என்றால் எத்தனை காலம்? சுகுணா மறுபடி பேசா நோன்பில் போய்விட்டாள். மூன்று மாதம் போனும் கிடையாதாம். சம்மதம் கொடுத்துவிட்டு உடனே மேணியோவிடம் போய் எவ்வளவு நாளைக்கு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மதியமே எனக்கு வண்டி. தனியாக வந்தேன். இந்தத் தடவை பெல்ட்டை நானே கழற்றினேன்.

நான் எழுதியதில் மலையின் பெயர், படிக் கணக்கு, எந்த நாளில் எது நடந்தது என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் சங்கத்து டீச்சரம்மா சரி பார்க்க வேண்டும். நேரமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், பரவாயில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் சிங்களம் தெரிந்த யாரிடமாவது கேட்டு எனக்குச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்ச காலம் என்று அர்த்தமா, கடைசிவரை என்று அர்த்தமா? அவள் வர நினைத்தால் விடுவார்களா? முடி வளர்ந்துவிடும், அது எனக்கே தெரியும். அதை யாரும் சரி பார்க்கத் தேவையில்லை.